ஆமைகளை மண்டபத்தை விட்டு அனுப்பிய செயலவையினருக்கு

சங்கத் தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சனிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்குச் சங்கத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி போட்டீர்கள். மாதந்தோறும் மண்டபத்தில் நடக்கும் வீடியோ கேம் மாலை இத்துடன் நிறுத்தப்படுகிறது, அது வன்முறையைத் தூண்டுகிறது, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது, பெரியவர்களே சிறுபிள்ளைத்தனமாக நடந்துகொள்ள இடம் கொடுக்கிறது, ஒத்துழைப்புக்கு நன்றி. நான்கே வரி. கீழே பதிமூன்று பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். பதினான்காவது ஆள் ஏதாவது எழுதிவிடப் போகிறார் என்றோ என்னவோ, யாரும் பதில் போட முடியாதபடி குழுவை அன்றிரவே பூட்டிவிட்டீர்கள். அதனால்தான் திறந்த மடல். எனக்கு வேறு வாசல் வைக்கவில்லை நீங்கள்.

எட்டு மாதமாக நடந்த மாலை அது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை, நானும் இரண்டு நண்பர்களும் சொந்தக் காசில் மண்டபத்துக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) வாடகை கட்டினோம். ரசீது எட்டும் என்னிடம் இருக்கிறது, எட்டிலும் பொருளாளர் கையெழுத்து இருக்கிறது. அந்த எட்டு மாலைகளில் செயலவையிலிருந்து ஒருவராவது உள்ளே வந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்தீர்களா என்றால், இல்லை. துணைத்தலைவர் ஒருமுறை சாவி வாங்க வந்தார், கதவோரம் நின்று திரையைப் பார்த்தார், "என்னய்யா ஆமை குத்துச்சண்டை போடுது" என்று சிரித்துவிட்டுப் போனார். நீங்கள் விசாரித்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

நிறுத்தியது எதை என்றாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. சொல்கிறேன்.

1987-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி 1996 வரை ஓடிய நிஞ்சா ஆமைகள் கார்ட்டூனை வைத்து 2022 ஜூனில் வந்த விளையாட்டு அது. மொன்ட்ரியாலில் உள்ள டிரிபியூட் கேம்ஸ் செய்தது, பாரிசில் உள்ள டோட்டெமு வெளியிட்டது. பெயர் 'ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்'. இன்றைய கணினிக்கு எப்படிப்பட்ட படமும் வரையத் தெரியும், ஆனாலும் இதை வேண்டுமென்றே பழைய ஆர்கேட் மெஷினில் இருந்ததுபோல் கட்டம் கட்டமாக, பிக்சல் பிக்சலாக வரைந்திருக்கிறார்கள். இடமிருந்து வலமாக நடந்துகொண்டே போக வேண்டும், வருகிறவனை அடிக்க வேண்டும். மொத்தம் 16 லெவல். பழைய கார்ட்டூனில் நான்கு ஆமைகளுக்கும் குரல் கொடுத்த அதே நான்கு பேரையும் கூட்டிவந்து மறுபடி பேச வைத்திருக்கிறார்கள். முதல் மாலை அந்தக் குரல் வந்ததும், பாயான் லெப்பாஸில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் இருபது வருடமாக ஷிப்ட் பார்க்கும் நண்பர் ஒருவர் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். "ஏய், அதே சத்தம்டா" என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவர் விளையாடவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது என் கதை கொஞ்சம். 1990-இல் நான் ஐந்தாம் ஆண்டு. அப்பா துறைமுகத்தில் வேலை, வீடு ஜெலுத்தோங்கில். ஊர் நடுவில் நிற்கும் கொம்தார் கட்டடத்தில் ஒரு கேம் கடை இருந்தது. ஜப்பானிய கேம் நிறுவனம் கொனாமி 1989-இல் விட்ட ஆமை மெஷின் அங்கே நின்றது. நான்கு பேர் ஒன்றாக நிற்கலாம், நான்கு ஸ்டிக், நான்கு நிறம். நாங்கள் போவது ஐந்து பேர். ஐவரில் டோக்கன் வாங்கக் காசு இல்லாதவன் நான். ஆக நான்கு பேருக்குப் பின்னால் நின்று, இரண்டு தோள்களுக்கு நடுவே தலையை நீட்டி, "பின்னால வர்றான், பின்னால வர்றான்" என்று கத்துவது என் வேலை. ஒன்றரை வருடம் கத்தியிருப்பேன். ஒருநாள்கூட அந்த ஸ்டிக்கைத் தொட்டதில்லை.

புதிய விளையாட்டில் ஒரே நேரத்தில் ஆறு பேர் ஆடலாம். அந்த ஆறு என்ற எண்ணை முதன்முதலில் படித்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லி விளக்க முடியாது. தலைவர் அவர்களே, நீங்கள் நாடகம் போட்ட காலத்தில் ராஜா வேஷம் கிடைக்காமல் திரை இழுத்துக்கொண்டிருந்ததாக மேடையிலேயே சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குப் புரியும் என்று ஒரு நம்பிக்கை.

வன்முறை என்றீர்கள். அடிதடி விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அடி வாங்குவது யார்? அந்தக் கார்ட்டூனில் வில்லன் ஷ்ரெடரின் சிப்பாய்கள் மனிதர்களே இல்லை, ரோபோக்கள். ரத்தம் கிடையாது. உடைந்தால் வெடித்து மறைவார்கள். முதல் கட்டம் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குள் நடக்கிறது. அந்தச் சிப்பாய்கள் அங்கே வேலை செய்கிறவர்களைப் போல வேஷம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு வெளியே ஒட்டுக்கடை வரை கேட்டது. இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. பிரிட்டனில் இதே கார்ட்டூனுக்கு 'நிஞ்சா' என்ற சொல்லே ஆகாது என்று எடுத்துவிட்டு 'ஹீரோ ஆமைகள்' என்று பெயர் மாற்றினார்கள். நான்கு ஆமைகளில் ஒன்றான மைக்கேலாஞ்சலோ சுழற்றும் நுன்சாக்கு கட்டையைக்கூட வெட்டி எறிந்தார்கள். அங்கேயும் ஒரு செயலவை உட்கார்ந்துதான் முடிவெடுத்திருக்கும்.

நீங்கள் பார்க்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. இந்த விளையாட்டில் கூட ஆடுகிறவர் அடிபட்டு விழுந்தால் அவர் தலைமேல் எண்கள் இறங்கத் தொடங்கும். அது முடிவதற்குள் யாராவது ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று ஒரு பீசாத் துண்டை நீட்ட வேண்டும். நீட்டினால் எழுந்துவிடுவார். நீட்டிக்கொண்டு நிற்கும்போது உங்களை எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம், அடிபட்டால் பீசாவும் போச்சு. அதனால் மற்ற நான்கு பேர் சுற்றி நின்று காவல் காக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. உயிர் அதிகம் உள்ளவர், குறைந்தவரோடு கைதட்டித் தன் உயிரில் கொஞ்சம் கொடுக்கலாம். மூன்றாம் மாதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை வந்தது. பள்ளியில் வாயே திறக்காது என்று அதன் அம்மா சொன்னார். அது எதிரி யாரையும் அடிக்கவில்லை. இரண்டு மணிநேரமும் விழுந்தவரைத் தேடித் தேடி ஓடியது. "அண்ணே எந்திரிங்க, எந்திரிங்க, நான் வந்துட்டேன்!" என்று அது போட்ட சத்தத்தில் அம்மாவே திரும்பிப் பார்த்தார்.

பண்பாடு என்றீர்கள். அங்கே ஒலித்த தமிழை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு பேர் ஆடும்போது திரையில் யார் எங்கே என்றே தெரியாது. இது அந்த விளையாட்டின் குறை என்றே பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். அதனால் அவரவர் ஆமையின் முகமூடி நிறத்தைச் சொல்லி ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "ஊதா, மேல வா!" "நீலம் எங்க?" "நீலம் செத்துருச்சு!" "டேய், எலி யாரு, எலி?" "எலி எங்க அப்பா!" (ஆமைகளின் குரு ஒரு எலி. அந்த அப்பா நம் சங்கத்தின் கணக்காய்வாளர். பெயரைச் சொல்லவில்லை.) முதல் மாதத்தில் பிள்ளைகள் 'பெர்பல்' என்றுதான் கத்தினார்கள். பெரியவர்கள் 'ஊதா' என்று கத்தினார்கள். யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. மூன்றாம் மாதம் எல்லாருக்கும் ஊதாதான், ஏனென்றால் ஊதா கத்துவதற்குச் சுலபம். போன ஆண்டு இதே மண்டபத்தில் நடந்த தமிழ்மொழி விழாவுக்கு என் மகளைக் கூட்டிவந்தேன். மூன்றாவது பேச்சாளர் முடிப்பதற்குள் என் தோளில் தூங்கிவிட்டாள். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. தூங்கினாள் என்று மட்டும் சொல்கிறேன்.

அதே மகளைப் பற்றி இன்னொன்று. பழைய மெஷினில் ஏப்ரல் என்ற செய்தியாளர் தூக்கிச் செல்லப்படுவாள், ஆமைகள் போய்க் காப்பாற்ற வேண்டும். அவளுக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். புதியதில் அவளையும் எடுத்து ஆடலாம். மைக்காலும் கேமராவாலும் அடிக்கிறாள். என் மகள் எட்டு மாதமும் வேறு யாரையும் எடுக்கவில்லை. "ஏம்மா, ஒரு தடவ ஆமை எடு" என்றால், "ஆமை எல்லாம் நீங்க சின்ன வயசுல ஆடுனது, இது என்னோடது" என்கிறாள்.

பெரியவர்கள் சிறுபிள்ளைகளாக நடந்துகொள்கிறார்கள் என்பது உங்கள் மூன்றாவது காரணம். ஒப்புக்கொள்கிறேன். நடந்துகொண்டோம். அதில் என்ன தப்பு என்றுதான் விளங்கவில்லை. மாமாக்களுக்குள் நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருந்தால் ஆண்டுக்கூட்டம் எவ்வளவோ தேவலை என்றிருப்பீர்கள். ஒருவர், "இது நம்ம கேமே இல்ல. ரொம்ப லேசு. நம்ம காலத்துல ஒரு டோக்கன்ல ரெண்டு நிமிசம் நின்னாலே பெரிய ஆளு" என்றார். இன்னொருவர், "லேசா இருக்கறதாலதான் என் மவன் கூட ஆட முடியுது, நீ சும்மா இரு" என்றார். எதிரியைப் பிடித்துத் திரையை நோக்கி, நம் முகத்தின் மேலேயே வந்து விழுவதுபோல் வீசலாம். 1991-இல் வந்த 'டர்டில்ஸ் இன் டைம்' மெஷினில் இருந்த வித்தை அது. அது வந்ததும் இரண்டு மாமாக்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்தினார்கள், சண்டை அத்தோடு தீர்ந்தது. ஒரு சின்னப் பெண் மட்டும் திரையைச் சந்தேகமாகப் பார்த்து, "அங்கிள், படம் கட்டம் கட்டமா இருக்கே, இன்னும் லோடு ஆகலையா?" என்று கேட்டாள். அதற்கு எங்களில் யாருக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. கட்டங்கள்தான் எங்களுக்கு அழகு என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் என் அப்பா வீட்டு டிவியைக் கொண்டுவந்தேன். 21 அங்குலம், பின்பக்கம் தொந்தி வைத்த பெட்டி டிவி. அதோடு மைக்ரோ ஜீனியஸ், டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் பெட்டி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கேசட் மாற்றி மாற்றி ஆடிய அதே மைக்ரோ ஜீனியஸ், உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஆடியதுதான். அதில் பழைய கொனாமி ஆமை கேசட்டைப் போட்டு, மேடை ஓரத்தில் வைத்தேன். நடுவில் பெரிய திரையில் புதியது, ஓரத்தில் சின்னத் திரையில் பழையது. பிள்ளைகள் பழையதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். அதில் அணைக்கட்டுக்கு அடியில் நீந்திப் போய் எட்டு வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கும் ஒரு கட்டம் வரும். மின்சாரம் பாயும் பாசி, மேலே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். நான் பன்னிரண்டு வயதில் தொடங்கி இன்றுவரை அதைத் தாண்டியதில்லை. ஆறாம் மாதம், இடைநிலைப்பள்ளி முதல் படிவம் படிக்கும் ஒரு பையன் மூன்றாவது முயற்சியில் தாண்டினான். மண்டபமே எழுந்து நின்றது. அவனுக்கு ஏன் இவ்வளவு கைதட்டல் என்று புரியவில்லை. "இது கஷ்டமா?" என்றான். அடப்பாவி.

எங்கள் பக்கம் தப்பே இல்லை என்று எழுதினால் நானே சிரிப்பேன். நான்காம் மாதம் பதினொன்றரை வரை இழுத்துவிட்டோம். பின்வீட்டு மலாய்க்கார அக்கா வந்து கேட்டார், மறுநாள் கறிபாப் வாங்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ஐந்தாம் மாதம் ஆரஞ்சு நிறத்துக்கு இரண்டு பையன்கள் சண்டை போட்டு கண்ட்ரோலர் வயரைப் பிய்த்துவிட்டார்கள். அந்த இருவரையும் அன்றைக்கு ஆட விடவில்லை. ப்ராங்கின் மாலில் பழைய கண்ட்ரோலர் ஒன்று வாங்கி மாற்றினேன். இதையெல்லாம் முன்வைத்து நேரத்தைக் குறையுங்கள், பொறுப்பாளர் பெயரைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் மறுவார்த்தை பேசியிருக்க மாட்டேன். இந்த இரண்டில் ஒன்றுகூட உங்கள் செய்தியில் இல்லை. உண்மையில் நடந்த தப்பு உங்களுக்குத் தெரியவில்லை, நடக்காத தப்புக்குத் தண்டனை கொடுத்தீர்கள்.

படிப்பு கெடும் என்று ஒருவர் தனியாகச் சொன்னாராம். மாதத்தில் மூன்று மணிநேரம். அவ்வளவுதான் இதற்குப் பதில். டொனாட்டெல்லோ, ரஃபேல் எல்லாம் இத்தாலியப் பெரும் கலைஞர்களின் பெயர்கள், ஆகவே இதுவும் கல்விதான் என்று வாதாட என் நண்பர் ஒருவர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்றேன். விளையாட்டு விளையாட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது செய்தி மட்டும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பொருள்களை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மண்டபத்துக்கு வந்தேன். மேடைக்குக் கீழே உள்ள அறையில் மைக்ரோ ஜீனியஸ் ஒரு சாக்கில் கிடந்தது. டிவி இல்லை. காவல்கார அண்ணனிடம் கேட்டால், உடைந்த நாற்காலிகளோடு சேர்த்து வெள்ளிக்கிழமையே லாரியில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை. அதாவது செய்தி வருவதற்கு ஒருநாள் முன்பே. யார் ஏற்றச் சொன்னது என்றதற்கு அவர் தரையைப் பார்த்தார். பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த டிவியின் பக்கவாட்டில் என் அப்பா மார்க்கர் பேனாவால் எங்கள் பழைய வீட்டு எண்ணை எழுதியிருப்பார். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது மாறிவிடக் கூடாது என்று. பழைய சாமான் என்று பார்த்தால் பழைய சாமான்தான். ஆனால் அது சங்கத்தின் பழைய சாமான் இல்லை.

நான் கேட்பது இவை.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இந்த முடிவை மறுபடி எடுத்துப் பேசுங்கள். பேசும்போது எங்களில் இருவரை உள்ளே உட்கார வையுங்கள். முடிவு பழையதாகவே இருந்தாலும் இருக்கட்டும், காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள். புலனச் செய்தி கூட்டக் குறிப்பு ஆகாது.

பேசுவதற்கு முன் ஒரே ஒரு மாலை நடத்த விடுங்கள். ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டுக்கு விளக்கணைத்துச் சாவியை ஒப்படைத்துவிடுகிறேன், எழுதிக் கொடுக்கவும் தயார். செயலவையிலிருந்து மூன்று பேராவது வந்து, நிற்காமல், உட்கார்ந்து பாருங்கள். ஆட வேண்டும் என்று கட்டாயமில்லை. துணைத்தலைவர் ஆடுவார் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு அப்படி.

புலனக் குழுவின் பூட்டைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள் பேசட்டும். எதிர்ப்பவர்களும் பேசட்டும். இருநூறு சொச்சம் பேர் சந்தா கட்டும் சங்கத்தில் பதிமூன்று கும்பிடு போதாது.

நான்காவது, டிவி. எந்த லாரி, எந்தக் கடை என்று மட்டும் சொல்லுங்கள். நஷ்டஈடு வேண்டாம், வருத்தக் கடிதமும் வேண்டாம். பட்டர்வொர்த்தாக இருந்தாலும் சரி, பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கே இருந்தாலும் சரி, வண்டி பிடித்து நானே போய் எடுத்து வருகிறேன். அதன் ரிமோட் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
2009 முதல் சந்தா பாக்கி வைக்காத உறுப்பினன்
பினாங்கு